அப்பா, வெளியில போங்கோ!

2025 ஒக்டோபரில் எங்கள் வீட்டை ஆண்டவருக்கு வயது பன்னிரண்டு. ஏழாம் வகுப்பு. யார் எங்கே உட்கார வேண்டும், யார் எப்போது வாய் திறக்கலாம், சோபாவின் எந்த மூலை யாருக்கு, அம்மம்மாவுக்குக் கொட்டாவி வந்தால் எந்தப் பக்கம் திரும்பி விடவேண்டும் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து சட்டமாக வந்தன. மேன்முறையீடு கிடையாது. இத்தனைக்கும் அவர் என் மகள். அந்த வருடம் செப்டெம்பர் வரை தன் காலுறையின் சோடியைத் தானே தேடி எடுக்கத் தெரியாதவர்.

காரணம் பேஸ்போல். நாங்கள் இருப்பது ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம், ஸ்காபரோவில். இந்த நகரத்துக்கு புளூ ஜேய்ஸ் என்று ஓர் அணி உண்டு. 1992, 1993 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் வேர்ல்ட் சீரீஸ் வென்ற அணி. அதற்குப் பிறகு 32 வருடமாக அந்த இறுதிச் சுற்றின் வாசலைக்கூட மிதிக்கவில்லை. 2024இல் தன் பிரிவில் கடைசி இடம். அடுத்த வருடமே என்ன மாயமோ, 94 ஆட்டங்களை வென்று முதலிடத்துக்கு வந்துவிட்டது. அந்தக் கோடையில் ஒரு செவ்வாய்க்கிழமை மகளை அவளுடைய மாமா மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்த வருடம் செவ்வாய்க்கிழமைகளில் அங்கே ஒரு டொலருக்கு ஹொட் டோக் கொடுத்தார்கள். மாமா போனது அதற்காகத்தான். போகும்போது சாதாரணப் பிள்ளையாகப் போனவள், தலையில் நீலத் தொப்பியும் வாயில் பந்து வீசுபவர்களைப் பற்றிய கடும் விமர்சனமுமாகத் திரும்பி வந்தாள்.

முதலாவது சட்டம் எனக்காகவே இயற்றப்பட்டது: "கிரிக்கெட்டோட ஒப்பிடக் கூடாது." நான் யாழ்ப்பாணத்தில் மதவடியில் கிரிக்கெட் பேசியே பாதி இளமையைச் செலவழித்தவன். ரெஸ்ட் ஆட்டம் ஐந்து நாள் நடக்கும் என்று ஒருநாள் பெருமையாகச் சொன்னேன்.

"அஞ்சு நாள் விளையாடி ஆர் வெல்லுறது?"

"சில நேரம் ஒருத்தரும் வெல்லாமலும் முடியும்."

அதுவரை எனக்கு அந்த வீட்டில் இருந்த கொஞ்ச நஞ்ச மரியாதையும் அன்றோடு போயிற்று.

பேஸ்போலில் அந்தக் கதை இல்லை. ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரண்டு பக்கமும் துடுப்பெடுத்தாடும், மூன்று பேர் ஆட்டமிழந்தால் பக்கம் மாறும். அடித்தவர் பேஸ் என்கிற நிலைகளைச் சுற்றி ஓடி வீடு வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம். ஒன்பதிலும் சமமாக நின்றால் பத்து, பதினொன்று என்று ஒருவர் தோற்கும்வரை போய்க்கொண்டே இருக்கும். சமநிலை என்ற சமாதானப் பேச்சுக்கே இடமில்லை. மார்ச் கடைசியிலிருந்து செப்டெம்பர் கடைசிவரை ஓர் அணி 162 ஆட்டம் ஆடும். அது முடிந்த பிறகுதான் பிளேஓவ் என்கிற உயிர்ப்போராட்டம். 162 ஆட்டத்தில் நிரூபித்ததை ஏழே ஆட்டத்தில் இழக்கலாம். பெரியவர்களுக்கே தாங்காத இந்த ஏற்பாட்டை ஒரு பிள்ளையின் தலையில் ஏற்றுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த விளையாட்டில் பந்துக்கும் பந்துக்கும் நடுவே ஒன்றுமே நடக்காது. வீசுபவர் தொப்பியைச் சரிசெய்வார், அடிப்பவர் கையுறையை இழுப்பார், ஒருவர் துப்புவார். 2023இல் கடிகாரம் வைத்தார்கள். இப்போது பேஸில் ஆள் நின்றால் 18 வினாடிக்குள் வீசியாக வேண்டும். பதினெட்டு வினாடி வேறு யாருக்கும் ஒரு பொருட்டில்லை. பக்தர்களுக்கு அது போதும். ஒரு கடவுளைக் கூப்பிட்டு, அவர் வராவிட்டால் இன்னொருவரைக் கூப்பிட்டு, சோபாவில் இடம் மாறியும் உட்கார்ந்துவிடலாம்.

முதலில் நியூயோர்க் யாங்கீஸ். மூன்றுக்கு ஒன்று என்று தொடர் எங்களுக்கு. அப்போது சட்டங்கள் அவ்வளவு கடுமையாக இல்லை. நான் சோபாவில் இருந்தபடியே பார்த்தேன். விளாடிமிர் குரேரோ ஜூனியர், வீட்டு வழக்கில் விளாடி, மூன்று பேஸிலும் ஆட்கள் நிற்க வெளியே தூக்கி அடித்தார். ஒரே அடியில் நான்கு ஓட்டம். ஜேய்ஸின் பிளேஓவ் வரலாற்றில் அப்படி ஒரு அடி அதுவே முதல் தடவை என்று மகள் அம்மம்மாவுக்கு விளங்கப்படுத்தினாள். விளாடி மொன்றியலில் பிறந்தவர், அவருடைய தகப்பனும் அங்கே ஆடிய பெரிய ஆட்டக்காரர் என்றும் சொன்னாள். "தேப்பன்ர தொழிலை மகன் பாக்கிறான், நல்ல பொடியன்" என்று அம்மம்மா என்னைப் பார்த்துச் சொன்னார். அவருடைய மகன் ஹொட் டோக் தின்னப் போனதை நான் நினைவூட்டவில்லை.

அடுத்தது சியாற்றில் மரினர்ஸ். சொந்த மைதானத்திலேயே முதல் இரண்டு ஆட்டமும் போனது. இரண்டாவதில் பத்துக்கு மூன்று. நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறையன்று. மகள் எதற்கும் யாருக்கும் நன்றி தெரிவிக்கும் நிலையில் இல்லை. அங்கே போய் இரண்டை வென்றார்கள், ஒன்றைத் தோற்றார்கள், திரும்பி வந்து ஒன்றை வென்றார்கள். மூன்றுக்கு மூன்று. ஏழாவது ஆட்டம் ஒக்டோபர் 20, திங்கட்கிழமை. அன்று தீபாவளி.

அந்த இரவில்தான் என் தலைவிதி எழுதப்பட்டது. ஏழாவது இன்னிங்ஸ், மூன்றுக்கு ஒன்று என்று மரினர்ஸ் முன்னால். வீட்டில் இழவு. மறுநாள் குப்பை எடுக்கும் நாள் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. தீபாவளிச் சமையலின் மிச்சம் மீதியெல்லாம் கட்டி எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். ரக்கூன்கள் திறக்க முடியாதபடி மாநகரசபை செய்து கொடுத்த பச்சைத் தொட்டி ஒன்று உண்டு. என்னாலும் இலேசில் திறக்க முடியாது. அதன் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றபோது தெரு முழுக்க ஒரே நேரத்தில் கத்தியது. எல்லா வீட்டிலிருந்தும். எங்கோ ஒரு சீனவெடி.

ஜோர்ஜ் ஸ்பிரிங்கர் இரண்டு பேரை பேஸில் வைத்துக்கொண்டு வெளியே அடித்திருந்தார். நான்குக்கு மூன்று. அதே மனிதருக்கு ஐந்தாவது ஆட்டத்தில் முழங்காலில் பந்து பட்டு வெளியேற வேண்டியிருந்தது. அன்று "சித்தாலேப பூசி ஒரு துணியைச் சுத்தச் சொல்லு" என்று அம்மம்மா தொலைக்காட்சியிடம் சொல்லியிருந்தார். ஆகவே அந்த அடியில் தனக்கும் பங்கு உண்டு என்று அவர் நம்பினார். இந்த நாட்டில் பேஸ்போல் பார்க்கிற எல்லோரும் பார்த்த அந்தப் பந்தை நான் பார்க்கவில்லை. கையில் பூசணித் தோலோடு உள்ளே ஓடிவந்தேன்.

மகள் கையை நீட்டித் தடுத்தாள். "உள்ள வராதேங்கோ."

"ஏன் பிள்ளை?"

"நீங்கள் வெளியில நிண்டபடியாத்தான் அடிச்சவர். முடியுமட்டும் அங்கயே நில்லுங்கோ."

நின்றேன். முடிந்தது. 32 வருடத்துக்குப் பிறகு ஜேய்ஸ் வேர்ல்ட் சீரீஸுக்குப் போனது. சட்டம் நிரூபிக்கப்பட்டுவிட்டது. விஞ்ஞானத்தில்கூட ஒரு பரிசோதனையைத் திரும்பவும் செய்து பார்ப்பார்கள். இங்கே அந்தச் சந்தேகத்துக்கே இடம் இருக்கவில்லை.

வேர்ல்ட் சீரீஸில் எதிரணி லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ். நடப்புச் சம்பியன்கள். அவர்களிடம் ஷோஹெய் ஓட்டானி இருக்கிறார். பந்தும் வீசுவார், துடுப்பாலும் விளாசுவார். இரண்டையும் ஒருவரே இந்தத் தரத்தில் செய்வது அநியாயம் என்பது மகளின் கருத்து. முதல் ஆட்டம் ஒக்டோபர் 24, வெள்ளிக்கிழமை, ரொறன்ரோவில். ஆறாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது இரண்டுக்கு இரண்டு. "அப்பா, வெளியில போங்கோ!"

போனேன். அந்த இன்னிங்ஸில் ஜேய்ஸ் ஒன்பது ஓட்டம் எடுத்தது. அடிசன் பார்ஜர் என்கிறவர் மாற்று ஆட்டக்காரராக வந்து நான்கு ஓட்ட அடி அடித்தார். வேர்ல்ட் சீரீஸ் வரலாற்றில் மாற்றாக வந்த ஒருவர் அப்படி அடித்தது அதற்கு முன் நடந்ததே இல்லை. ஒன்பது ஓட்டம் என்று சொல்வது எளிது. எடுத்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது ஒக்டோபர்க் குளிரில் வீட்டுச் சட்டையோடு நின்றவனுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு ஆரவாரத்துக்கும் கதவு கொஞ்சம் திறக்கும். ஒரு முகம் எட்டிப் பார்க்கும். நான் இருக்கிறேனா என்று உறுதிசெய்துவிட்டு மூடிக்கொள்ளும்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு வாசலிலும் ஓர் ஆள் நிற்பதைக் கண்டேன். கயானாவிலிருந்து வந்தவர், எழுபதைத் தாண்டியவர். கோட்டும் கம்பளித் தொப்பியும் கையில் தேநீருமாகத் தயாராக நின்றார். அனுபவஸ்தர்.

"நீங்களுமா?" என்றேன்.

"பேரன்" என்றார்.

அவருடைய வரலாறு என்னுடையதைவிடப் பழையது. 1993 ஒக்டோபர் 23ஆம் தேதி, ஆறாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் ஜோ கார்ட்டர் அடித்து இரண்டாவது கிண்ணத்தை வென்று கொடுத்தாரே, அந்த நேரம் இவர் பேஸ்மென்ட்டில் துணி காயவைக்கும் இயந்திரத்தைத் திறந்துகொண்டு நின்றாராம். ஓடிவந்தபோது எல்லாம் முடிந்து ஆட்கள் ஆளை ஆள் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து அவருடைய வீட்டில் முக்கியமான ஆட்டம் எதையும் முழுதாகப் பார்க்க அவருக்கு அனுமதியில்லை. முதலில் மனைவி, பிறகு மகன், இப்போது பேரன். "நான் இல்லாமல்தான் இந்த நகரம் வெல்லும்" என்றார். குரலில் வருத்தத்தைவிடப் பதவிப் பெருமைதான் அதிகம்.

அன்று பதினொன்றுக்கு நான்கு என்று வென்றோம். மறுநாள் யோஷினோபு யமமோட்டோ என்ற ஜப்பானியர் ஒருவரே ஒன்பது இன்னிங்ஸும் வீசி, கடைசி இருபது பேரை வரிசையாக ஆட்டமிழக்கச் செய்தார். ஐந்துக்கு ஒன்று. நான் வெளியில்தான் நின்றேன், பக்கத்து வீட்டவரும் நின்றார். சட்டம் எங்கே பிழைத்தது என்று விசாரணை நடந்தது. நான் வெளியில் நின்றுகொண்டு தொலைபேசியில் ஓட்டக் கணக்கைப் பார்த்தது வெளியே வந்தது. பார்ப்பது என்றால் எப்படிப் பார்த்தாலும் பார்ப்பதுதானாம். தொலைபேசி பறிமுதல் செய்யப்பட்டது.

இதற்கு நடுவே கந்த சஷ்டி தொடங்கியிருந்தது. ஒக்டோபர் 22 முதல் 27 வரை. அம்மம்மா வருடாவருடம் பிடிக்கிற விரதம். ஆறு நாளும் பாலும் பழமும்தான். மகள் சனிக்கிழமை இரவு, அந்தத் தோல்விக்குப் பிறகு, அவருடைய காலடியில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மம்மா, உங்கட விரதத்தில கொஞ்சம் விளாடிக்குக் குடுக்கலாமோ?"

அம்மம்மா யோசித்தார். விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "முழுசாத் தர ஏலாது குஞ்சு. பாதி என்ர மூட்டு நோவுக்கு. அம்மாவுக்கு டிசம்பரிலை வேலை நிரந்தரமாக வேணும், அதுக்குக் கால்வாசி. மிச்சத்தை வைச்சுக்கொள்."

மிச்சத்தை எந்த இன்னிங்ஸில் பயன்படுத்துவது என்று மகள் திட்டமிடத் தொடங்கினாள்.

மூன்றாவது ஆட்டம் திங்கட்கிழமை, ஒக்டோபர் 27. அன்று சூரன்போர். அம்மம்மாவும் நாங்களும் கோயிலுக்குப் போய், சூரன் தலை மாற்றித் தலை மாற்றி வந்து கடைசியில் முருகனிடம் தோற்றதைப் பார்த்து, பிரசாதத்தோடு வீட்டுக்கு வந்தோம். இரவு எட்டு மணிக்கு லொஸ் ஏஞ்சலிஸில் ஆட்டம் தொடங்கியது. பள்ளிக்கூட நாள் என்பதால் ஐந்தாவது இன்னிங்ஸோடு படுக்கை என்று என் மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தான் படுக்கப் போனாள். அவள் தாதி. விடிய ஐந்து மணிக்கு எழும்ப வேண்டும். நல்ல சட்டம்தான். அமுல்படுத்த ஆள் இல்லை.

ஏழாவது இன்னிங்ஸில் ஜேய்ஸ் ஐந்துக்கு நான்கு என்று முன்னால் வந்தது. உடனே ஓட்டானி வந்து வெளியே அடித்துச் சமப்படுத்தினார். அன்றைக்கு அவருடைய இரண்டாவது ஹோம் ரன். நாலு தடவை துடுப்பெடுத்ததில் இரண்டு ஹோம் ரன், இரண்டு பேஸ் ஓடிய அடி இரண்டு. அதற்குப் பிறகு ஜேய்ஸின் பயிற்றுநர் ஜோன் ஷ்னைடர் ஒரு முடிவுக்கு வந்தார்: இந்த மனிதருக்கு இனிப் பந்தே வீசுவதில்லை. கையால் சைகை காட்டினால் போதும், அடிப்பவர் முதலாவது பேஸுக்கு நடந்து போகலாம். விதியில் அப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. நான்கு தடவை அப்படி அனுப்பினார்கள்.

அம்மம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "ஏன் அவனை அடிக்க விடாமல் நடக்க விடுகினம்?"

"அவர் அடிச்சா முடிஞ்சுது அம்மம்மா. பயம்."

"சூரன் போருக்கு வந்து நிக்கேக்க, நீ பேசாமல் அங்கால நடந்து போ எண்டு முருகன் சொன்னவரோ?"

மகளிடம் பதில் இல்லை. ஜோன் ஷ்னைடரிடமும் இருந்திருக்காது.

ஒன்பது முடிந்தது. ஐந்துக்கு ஐந்து. பத்து. பதினொன்று. நான் வெளியே, உள்ளே, வெளியே. ஒரு பக்கம் ஆடும்போது வெளியிலும் மறு பக்கம் ஆடும்போது உள்ளேயும் என்று பன்னிரண்டாவது இன்னிங்ஸில் ஒரு திருத்தச் சட்டம் வந்தது. பக்கத்து வீட்டவர் ஒரு மணிக்கு விடைபெற்றுப் படுக்கப் போனார். அவருடைய பேரன் தூங்கிவிட்டானாம், ஆளுநர் தூங்கினால் ஊரடங்கு தானாக நீங்கும். எங்கள் ஆளுநர் தூங்கவில்லை. ஆட்டக் கணக்கு எழுதும் அவளுடைய கொப்பியில் இன்னிங்ஸ்களுக்குப் போட்டிருந்த கட்டங்கள் தீர்ந்துபோக, கணக்குக் கொப்பியின் தாளைக் கிழித்துப் பசை போட்டு ஒட்டினாள். பதினாறாவதில் இன்னொரு தாள். பதினேழாவதில் தன் பங்கான சஷ்டி மிச்சம் முழுவதையும் ஒரே தடவையில் செலவழித்தாள். அதன் பலனாக எதிரணியும் ஓட்டம் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை.

பதினெட்டாவது இன்னிங்ஸ். டொட்ஜர்ஸின் ஃபிரெடி ஃபிரீமன் நேராக நடு மைதானத்துக்கு மேலால் அடித்தார். ஆறுக்கு ஐந்து. ஆறு மணித்தியாலமும் முப்பத்தொன்பது நிமிடமும். எங்கள் கடிகாரத்தில் அதிகாலை மூன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது. வேர்ல்ட் சீரீஸில் பதினெட்டு இன்னிங்ஸ் ஓடிய இன்னோர் ஆட்டமும் உண்டு, 2018இல். அதுவும் இதே மைதானம், வென்றது இதே டொட்ஜர்ஸ். இந்தத் தகவலை அந்த நேரத்தில் மகளிடம் சொல்லாத அளவுக்கு எனக்கு விவேகம் இருந்தது.

"இந்த ஃபிரீமன்ர அம்மாவும் அப்பாவும் கனடா ஆக்கள்!" என்று மகள் அழுதாள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. உண்மைதான், பெற்றோர் ஒன்ராறியோவைச் சேர்ந்தவர்கள், அவர் உலகப் போட்டியில் கனடாவுக்காகவும் ஆடியவர்.

அம்மம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "எட, அப்ப எங்கட பொடியனே!"

அந்தச் சொல்லுக்காக அவருக்கு இரண்டு நாள் தடை விதிக்கப்பட்டது. அவர் கவலைப்படவில்லை. "இனிப் படுத்தென்ன, விடியப் பாறணை. சமைப்பம்" என்று சேலையைச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். ஐந்து மணிக்கு என் மனைவி வேலைக்குப் புறப்பட எழுந்து வந்தபோது நாங்கள் மூவரும் வீங்கிய கண்களோடு மேசையில் இருந்தோம். விடிவதற்காக அம்மம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் சோறு, ஏழு கறி, பாயசம். மனைவி ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். கோப்பி போட்டுக் குடித்தாள். போய்விட்டாள்.

பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் எழுதும் பொறுப்பு என்னுடையது. பிள்ளை தாமதமாக வருவதற்குக் காரணம்: இரவு முழுவதும் நீடித்த குடும்பச் சமய அனுட்டானம். இதில் எந்தச் சொல் பொய் என்று யாரும் காட்டட்டும். போய்ப் பார்த்தால் அன்று வகுப்பில் பாதிப்பேர் மேசையில் தலைவைத்திருந்தார்களாம். ஆசிரியருடைய கண்ணும் சிவப்பு.

நாலாவது ஆட்டத்துக்கு முன் சட்டம் தலைகீழாக்கப்பட்டது. விளக்கம் இது: எதிரணி மைதானத்தில் ஆடும்போது ஜேய்ஸ் ஏற்கனவே வெளியில் இருக்கிறது. நானும் வெளியில் நின்றால் மறையும் மறையும் பெருகி நேராகிவிடும். ஏழாம் வகுப்பில் அப்போதுதான் மறை எண்கள் தொடங்கியிருந்தன. ஆகவே நான் உள்ளே, ஆனால் பேஸ்மென்ட் படிக்கட்டின் நடுவில். அந்தப் படியிலிருந்து தொலைக்காட்சி தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். விளாடி ஓட்டானியின் பந்தையே வெளியே அனுப்பியதை அங்கிருந்து கேட்டேன். ஆறுக்கு இரண்டு. மறுநாள் ஆட்டத்தின் முதற் பந்தே வெளியே போனது. மூன்றாவது பந்தும் போனது. நான் படியில் இன்னும் சரியாக உட்காரவில்லை. ட்ரே யெசாவேஜ் என்ற 22 வயதுப் பொடியன் பன்னிரண்டு பேரை அடிக்க விடாமலே திருப்பி அனுப்பினான். வேர்ல்ட் சீரீஸில் ஒரு புதுமுகத்துக்கு அதுதான் சாதனை. ஏப்ரலில் கீழ்மட்டக் கழகமொன்றில் யாரும் அறியாமல் வீசிக்கொண்டிருந்தவன். "இருபத்திரண்டு வயசில நிரந்தர வேலை" என்று தடையையும் மீறி அம்மம்மா பெருமூச்சுவிட்டார். சஷ்டியின் கால்வாசி ஞாபகம் வந்திருக்கும்.

மூன்றுக்கு இரண்டு. இன்னும் ஒன்றே ஒன்று. சொந்த ஊரில், ஒக்டோபர் 31. ஹாலோவீன்.

மகள் அலெஹாண்ட்ரோ கர்க்காக வேடம் போட்டாள். ஜேய்ஸின் பந்து பிடிப்பவர். உயரம் ஐந்தடி எட்டு அங்குலம், சுற்றளவு தாராளம். சட்டைக்குள் ஒரு தலையணை, அதற்கு மேல் என்னுடைய பனிக்காலக் கோட்டின் உட்பகுதி. தெருவில் அன்று பேயும் இல்லை, சூனியக்காரியும் இல்லை. எல்லா வாசலிலும் விளாடியும் ஸ்பிரிங்கரும் இனிப்புக்குப் பை நீட்டிக்கொண்டு நின்றார்கள். ஓட்டானிச் சட்டையில் வந்த ஒரு சிறுவனுக்குப் பக்கத்து வீட்டவர் திராட்சை வற்றல் பெட்டி கொடுத்தார்.

ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸ், மூன்றுக்கு ஒன்று என்று பின்னால். அசல் கர்க் மேல் பந்து பட்டு பேஸுக்குப் போனார். அவருக்காக ஓட வேறொருவர் வந்தார். பார்ஜர் அடித்த பந்து பறந்து போய் சுவர் மெத்தைக்கும் தரைக்கும் நடுவில் செருகிக்கொண்டது. ஓடினவர்கள் எல்லாம் வீடு வந்து சேர்ந்துவிட்டார்கள். ஆனால் டொட்ஜர்ஸ் ஆள் பந்தைத் தொடாமல் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார். செருகிய பந்துக்கு இரண்டு பேஸ் மட்டும்தான் என்பது விதி. ஓடிவந்த ஓட்டத்தைத் திருப்பி அனுப்பினார்கள்.

"பந்தைக் குனிஞ்சு எடுக்கலாம்தானே!" மகள் தலையணையோடு குதித்தாள். "சுகமா எடுக்கலாம்!"

"எடுத்தா அவனுக்கு நட்டம்" என்றார் அம்மம்மா. "கையைத் தூக்கினவன் காணி வழக்குக் கண்டவன்."

பிறகு ஓர் எளிய பிடி, அதன் பின் இன்னொரு பிடி, பேஸை விட்டு வந்த பார்ஜர் திரும்புவதற்குள் எறி. ஒரே வீச்சில் இரண்டு பேர் போய் ஆட்டமே முடிந்தது. நான் வெளியில் பக்கத்து வீட்டவரோடு நின்றேன். தெருவில் முதலில் ஒரு கூச்சல், பிறகு நெடு நேரம் ஒன்றுமில்லை. "சுவர்" என்று மட்டும் பேரன் கதவைத் திறந்து சொன்னான். எங்கள் இருவருக்கும் மறுநாள் காலைவரை விளங்கவில்லை.

ஏழாவது ஆட்டம் நவம்பர் 1, சனிக்கிழமை. ஜேய்ஸின் போ பிஷெட் ஓட்டானியின் பந்தில் மூன்று ஓட்டம் அடித்தார். எங்கள் பக்கம் 41 வயது மக்ஸ் ஷெர்சர் வீசினார். நானும் பக்கத்து வீட்டவரும் கதிரை போட்டு, போர்வை போர்த்தி, ஒரு பிளாஸ்க் இஞ்சித் தேநீரோடு இருந்தோம். ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒருவர் ஆட்டமிழந்தபோது நான்குக்கு மூன்று. இன்னும் இரண்டு பேரை ஆட்டமிழக்கச் செய்தால் போதும். முப்பத்திரண்டு வருடம் முடியும்.

அப்போது எங்கள் வீட்டுக் கதவு திறந்தது. அம்மம்மா. "தம்பி, குளிருக்க நிண்டது காணும். வெல்லுறதை ஒருக்கா வந்து பாரும். பாவம்." அதே நேரத்தில் அடுத்த வீட்டுக் கதவும் திறந்தது. அங்கே அவருடைய மனைவி. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவர் 1993ஐத் தவறவிட்டவர். போர்வையை மடித்து வைத்துவிட்டு எழுந்தார்.

நான் கூடத்துக்குள் காலை வைக்கவும் மிகெல் ரோஹாஸ் அடிக்கவும் சரியாக இருந்தது. வரிசையில் ஒன்பதாவதாக வருகிற, 36 வயது மனிதர். அவரிடமிருந்து ஹோம் ரன்னை யாரும் எதிர்பார்க்கவில்லை. நான்குக்கு நான்கு. மகள் தொலைக்காட்சியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு அம்மம்மாவைப் பார்த்தாள். அம்மம்மா பூசை அறைப் பக்கம் நழுவினார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நின்றபடியே பார்த்தேன். உள்ளே வந்தவனை வெளியே அனுப்பும் தெம்பு அவளிடம் இல்லை. மூன்று பேஸிலும் ஆட்கள் நிற்க எங்கள் ஆள் ஒருவர் வீட்டுப் பேஸை மயிரிழையில் தவறவிட்டார். ஆட்டத்தை முடித்திருக்க வேண்டிய பந்தை டொட்ஜர்ஸ் ஆள் தன் சொந்த ஆளையே இடித்து விழுத்திப் பிடித்தார். பதினொன்றாவதில் டொட்ஜர்ஸின் வில் ஸ்மித் வெளியே அடித்தார். ஐந்துக்கு நான்கு. முதல் நாள் 96 பந்து வீசிய யமமோட்டோவே திரும்பவும் வந்து வீச, கர்க்கின் துடுப்பு முறிந்து, பந்து உருண்டு, இரண்டு பேர் ஆட்டமிழந்து எல்லாம் முடிந்தது. நள்ளிரவு தாண்டியிருந்தது. அன்று இரவுதான் இங்கே கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு நகர்த்துகிற நாள். அழுவதற்கு அரசாங்கமே நேரம் ஒதுக்கிக் கொடுத்திருந்தது.

ஞாயிறு மத்தியானம் விசாரணை. மகள் புட்டும் முட்டைப்பொரியலும் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்.

"நீங்கள் உள்ள வரேக்க அந்த அங்கிளும் உள்ள போனவரோ?"

"ஓம்."

"உங்களுக்கு முதலோ பிறகோ?"

"ஒரு செக்கன் முந்தி இருக்கும்."

"அப்ப அவர்தான்." வழக்கு முடிந்தது. இன்னும் கொஞ்சம் புட்டுப் போட்டுக்கொண்டாள். "அடுத்த வருஷம் அவரை நீங்கள் பிடிச்சு வைச்சிருக்க வேணும்."

அம்மம்மாவின் இரண்டு நாள் தடை எப்போதோ காலாவதியாகியிருந்தது. அவர் கோயில் நாட்காட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "திருப்பி எப்ப தொடங்குவினம்?" என்று கேட்டார்.

"பெப்ரவரி நடுவில புளோரிடாவில பயிற்சி தொடங்கும் அம்மம்மா. பந்து வீசுற ஆக்களும் பிடிக்கிற ஆக்களும் முதல் வருவினம்."

அவர் 2026இன் தாள்களைத் தேடிப் புரட்டி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, விரலை ஒரு கட்டத்தில் வைத்தார். "பதினைஞ்சாம் தேதி சிவராத்திரி. நல்லது. எல்லாரும் அண்டைக்கே முழிச்சிருந்து பழகுங்கோ."